முதற் கொலையும் இரண்டாங் கொலையும்

துப்பறியுங் கதையெனின், கொலைஞன் யாரென்பது இறுதிப் பக்கம்வரை மறைந்திருத்தல் வேண்டும் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். அந்த இரகசியம் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிட்டால் எஞ்சுவது யாது என்று கேட்போரும் உளர். இக்கேள்விக்கு ஒஸ்ரின் ஃபிறீமன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1912 ஆம் ஆண்டிலேயே விடை கண்டார். குற்றத்தை முதலிற் காட்டிவிட்டு, அது எவ்வாறு வெளிப்பட்டது என்பதைப் பின்னர் சொல்லுதல் அவர் வகுத்த வழி. அவ்வழியைத் தொலைக்காட்சியில் நிலைநாட்டிய பெருமை 'கொலம்போ' என்னும் அமெரிக்கத் தொடருக்கு உரியது. இரண்டு முன்னோடிப் படங்களின் பின்னர், அத்தொடரின் முதல் வரிசை 1971 செப்டெம்பர் 15 அன்று தொடங்கிற்று. அன்று ஒளிபரப்பான கதையையே இவ்வாரம் எடுத்துக்கொண்டோம். அதன் தலைப்பைப் 'புத்தகப்படி ஒரு கொலை' என்று தமிழாக்கலாம். முடிவை முன்கூட்டி அறிய விரும்பாத நேயர்கள் படத்தைப் பார்த்தபின் இப்பத்தியைப் படிப்பாராக.

இதனை நெறிப்படுத்தியவர் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க். அப்பொழுது அவருக்கு வயது 24. சுறாமீன் படத்தால் உலகறிந்தவராக அவர் ஆவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. கதைவசனம் எழுதிய ஸ்ரீவன் பொச்கோவும் பின்னாளிற் பெரும்பெயர் பெற்றவரே. தொடரைப் படைத்த றிச்சட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் பள்ளிக்கூட நாள் முதல் இணைபிரியாது சேர்ந்து எழுதியவர்கள். இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஏனெனில், கதையும் சேர்ந்தெழுதும் இருவரைப் பற்றியதே.

கென் ஃபிராங்ளின், ஜிம் ஃபெரிஸ் என்னும் இருவர் துப்பறியும் நாவல்களால் செல்வம் ஈட்டியவர்கள். நூல்களின் அட்டையில் இருவர் பெயரும் உண்டு. உண்மையில் எழுதுபவர் ஜிம் ஒருவரே. கென் விருந்துகளிலும் பேட்டிகளிலும் முகங்காட்டி நூல்களை விற்பவர். தனித்து எழுத விரும்பி ஜிம் கூட்டை முறிக்க முற்படுகின்றார். எழுதத் தெரியாத எழுத்தாளரின் நிலை என்னாவது? கென் தம் நண்பரை நெடுந்தொலைவிலுள்ள ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றார். அங்கிருந்து மனைவியுடன் தொலைபேசியிற் பேசும்படியும், அலுவலகத்தில் வேலையாக இருப்பதாகச் சொல்லும்படியும் தூண்டுகின்றார். பேச்சின் நடுவே துப்பாக்கி வெடிக்கின்றது. கணவர் நகரத்து அலுவலகத்திற் சுடப்பட்டார் என்றே அப்பேதை நம்புகின்றாள். கென்னோ அந்நேரம் நகரத்தில் இல்லை. சாட்சி சொல்ல வேண்டியவளே கொலைஞனுக்கு அரணாகிவிடுகின்றாள்.

படத்தின் சிறப்புகளை முதலிற் கூறுவோம். தொடக்கக் காட்சி மறக்கற்பாலதன்று. ஜிம் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கின்றார். கீழே தெருவில் கென்னின் கார் வருகின்றது. இசையில்லை, பேச்சில்லை, எழுத்துக்கள் தட்டப்படும் ஓசை மட்டுமே காதில் விழுகின்றது. உழைப்பவனின் ஓசையோடு, அவ்வுழைப்பை உண்டு வாழ்பவன் வருகின்றான். கதை முழுவதும் சில நொடிகளிற் சொல்லப்பட்டுவிடுகின்றது. வசனத்தையே நம்பியிருந்த அக்காலத் தொலைக்காட்சி நாடகங்களின் நடுவே இது துணிவான செயல் எனலாம்.

நடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கென்னாக வரும் ஜாக் கசிடியின் சிரிப்பில் தேனும் நஞ்சும் கலந்திருக்கின்றன. இவரே இத்தொடரில் மேலும் இருமுறை கொலைஞனாகத் தோன்றியதில் வியப்பில்லை. கசங்கிய மழைக்கோட்டுடன் வரும் பீற்றர் ஃபோல்க்கின் துப்பறிவாளரோ அறிவைக் காட்டி மருட்டுபவரல்லர். துயருற்ற மனைவியை வீட்டுக்கு அழைத்துச் சென்று முட்டைப்பொரியல் செய்து கொடுக்கும் மனிதர் அவர். அச்சிறு காட்சி அவருடைய இயல்பை நன்கு உணர்த்துகின்றது. அவர் பற்றிக்கொள்ளும் முதல் நூலிழையும் அத்தகையதே. நண்பனின் பிணத்தைத் தன் வீட்டு முற்றத்திற் கண்டதாகச் சொல்பவன், பொலிசார் வருமுன்னர் தனக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்திருக்கின்றான். துயரமுற்றவன் அதனைச் செய்வானா? இது சட்டத்துக்குப் போதாது; மனித இயல்பை அறிந்தவனுக்குப் போதும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். அழைப்பு எங்கிருந்து வருகின்றது என்பதைக் காட்டாத பழைய தொலைபேசியை நம்பிய சூழ்ச்சி இது. இன்றைய கைத்தொலைபேசிக் காலத்தில் எடுபடாது. இதனைக் குறையென்று கொள்ளோம்; ஒவ்வொரு கதையும் தன் காலத்துக் கருவிகளோடு பிறக்கின்றது.

உண்மையான குறை முடிவிலே உள்ளது. வழியிற் கென் நின்ற கடையின் சொந்தக்காரி லில்லி, காரில் ஜிம் அமர்ந்திருந்ததைக் கண்டுவிடுகின்றாள். வாயை மூட அவள் 15,000 டொலர் கேட்கின்றாள். கென் அவளையும் கொன்று, படகு கவிழ்ந்து இறந்தவள்போல ஏரியில் இடுகின்றான். கொலம்போவின் வாதம் இங்கேதான் பிறக்கின்றது. முதற் கொலை மதிநுட்பம் வாய்ந்தது. இரண்டாவதோ கற்றுக்குட்டியின் வேலை. ஆகவே முதலாவது இவனுடைய சிந்தையிற் பிறந்ததாக இருக்க முடியாது என்று எண்ணி, இறந்தவரின் குறிப்புகளைத் தேடுகின்றார். அதே சூழ்ச்சி ஒரு கடதாசித் துண்டில் எழுதப்பட்டிருக்கக் காண்கின்றார்.

கேட்கச் சுவையான வாதந்தான். ஆயினும் அக்கடதாசி எதனை நிரூபிக்கின்றது? கதையெழுதுபவர் கதைக்கான குறிப்பு வைத்திருந்தார் என்பதையே. திறமையான ஒரு வழக்கறிஞர் அதனைக் கால்மணி நேரத்திற் கிழித்தெறிந்திருப்பார். கென் மௌனமாக இருந்திருந்தால் தப்பியிருக்கவும் கூடும். அவனோ தானாகவே வாய் திறக்கின்றான், அதுவும் எதற்காக? அந்தச் சூழ்ச்சி ஜிம்முடையதன்று, தன்னுடையது, தன் வாழ்நாளில் தனக்குத் தோன்றிய ஒரே நல்ல கற்பனை அதுவே என்று உரிமை கோருவதற்காக! குற்றவியல் நோக்கில் இது பலவீனம். மன இயல் நோக்கில் இது படத்தின் உச்சம். பிறர் எழுத்தின்மேல் தன் பெயரைப் பொறித்து வாழ்ந்தவன், தன்னுடைய ஒன்று பிறர் பெயரிற் போவதைப் பொறுக்கமாட்டாமல் அழிகின்றான்.

ஒன்றை நேயர்கள் கவனித்தல் வேண்டும். கொலைஞனைப் பிடித்த கொலம்போவின் ஊகம் உண்மையிற் பிழையானது. நல்ல கற்பனை கெட்டிக்காரனுடையதாகவே இருக்கும் என்று அவர் எண்ணினார், அது மற்றவனுடையதாயிற்று. இவ்விடத்தில் நாம் சற்றுக் கூசினோம். விடைத்தாள் திருத்துவதே தொழிலாகக் கொண்ட நாமும் இதே ஊகத்தைச் செய்தவர்கள். பல ஆண்டுகளுக்கு முன், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவனின் கட்டுரையில் ஒரு பந்தி மட்டும் ஒளிவிட்டது. மற்றவை வழக்கம்போற் சொத்தையாக இருந்தன. எங்கே பார்த்து எழுதினாய் என்று வகுப்பின் நடுவே கேட்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். அது தகப்பனாரின் மறைவைப் பற்றி அவனே இரவிருந்து எழுதிய பந்தி என்பதைப் பின்னர் அறிந்தோம். வருத்தம் தெரிவித்தோம், ஆனால் அப்படியொரு பந்தியை அவன் மீண்டும் எழுதவில்லை. கொலம்போவின் பிழை கொலைஞனைப் பிடித்தது. எமது பிழை ஒரு பிள்ளையின் பேனாவைப் பிடுங்கிற்று.

மற்றொரு குறை நுட்பம் பற்றியதன்று, இரக்கம் பற்றியது. ஜிம்மின் சாவுக்கு அழ மனைவி இருக்கின்றாள். ஆறுதல் சொல்லக் கொலம்போ இருக்கின்றார். லில்லிக்கு யார் உளர்? பணங்கேட்டு மிரட்டியது தவறே. ஆயினும் அவள் கென்னின் புத்தகங்களை நேசித்தவள், அவனையும் நேசித்தவள். அவளுடைய சாவு, முதற் கொலையின் அழகை எடுத்துக்காட்டுவதற்கான ஓர் உரைகல்லாகவே கதையிற் பயன்படுகின்றது. கொலைகளைத் தரம் பிரித்து, இது நேர்த்தி, இது சொத்தை என்று பேசும்போது, இரண்டிலும் ஓர் உயிர் போயிற்று என்பதைக் கதாசிரியரும் மறக்கின்றார்; பார்க்கும் நாமும் மறக்கின்றோம்.

லில்லியாக நடித்த பார்பறா கோல்பி இயல்பான, உயிர்த்துடிப்புள்ள நடிகை. அவர் 1975 ஆம் ஆண்டு யூலை மாதம், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடிப்பு வகுப்பொன்றை முடித்துத் திரும்புகையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் எவர் என்பது வெளியாகவேயில்லை. நாடகத்தில் ஏறத்தாழ எழுபத்தைந்து நிமிடங்களில் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடுகின்றது. வாழ்க்கையிற் கடதாசித் துண்டும் கிடைப்பதில்லை. கொலைஞன் தற்பெருமையால் வாய் திறப்பதுமில்லை.

இவ்வளவு கூறியதனாற் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதாக எவரும் கொள்ளற்க. வாய்ப்புக் கிடைப்போர் அவசியம் பார்த்தல் வேண்டும். தட்டச்சின் ஓசையைக் கேளுங்கள். கசிடியின் சிரிப்பைக் கவனியுங்கள். முடிவின் ஓட்டையையும் கண்டு புன்னகை செய்யுங்கள். ஆனால் ஏரியில் படகு கவிழும் இடத்தில் ஒரு கணம் நின்று, அந்தக் கடைக்காரப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். கதை அவளுக்குக் கொடுக்கத் தவறிய அந்த ஒரு கணத்தைப் பார்ப்பவராவது கொடுக்கலாமன்றோ!