வாசலுக்கு அப்பாலும் நம் வீடே



சேலத்திலிருந்து ஓமலூர் செல்லும் வழியிலும், இராசிபுரம், நாமக்கல் செல்லும் வழியிலும், முன்பு சோளமும் நிலக்கடலையும் விளைந்த மேட்டு நிலங்கள் பல இன்று வீட்டு மனைகளாகி நிற்கின்றன. மனை வாங்கச் செல்வோர் கேட்பவை யாவும் முறையான கேள்விகளே. பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு? பள்ளிக்கூடம் அருகில் உண்டா? நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரைய முடியுமா? காவிரி நீர் குழாயில் வருமா? ஞாயிறு திருப்பலிக்கு நடந்து போகலாமா? குடும்பப் பொறுப்புள்ள தாய் தந்தையர் இவற்றைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆயினும் இன்னுமொரு கேள்வி உண்டு. அதைக் கேட்போர் மிகச் சிலரே. "மனை வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடம் எங்கே?" என்பதே அது.

நம் மாநில விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அதன்பின் அது மனை விற்றவரின் சொத்தன்று. ஊர்ப் பொதுச் சொத்து. 1,200 சதுர அடி மனையில் வீடு எழும்பியபின், குழந்தைகள் ஓடி விளையாட முற்றம் ஏது? முதியோர் காலாற நடக்க இடம் ஏது? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. ஆனால் கடும்பாறை மிகுந்த நம் மண்ணில், மழைநீர் இறங்க வெற்றிடமே இல்லையெனில் எத்தனை அடி தோண்டி என்ன பயன்?

இத்தகைய இடம் பலவேளைகளில் என்ன ஆகிறது? முதலில் ஒருவர் கட்டட இடிபாடுகளைக் கொட்டுகிறார். பின்னர் ஒருவர் கார் நிறுத்தத் தகரக் கொட்டகை போடுகிறார். மற்றொருவர் தம் மதிற்சுவரை மூன்றடி தள்ளிக் கட்டுகிறார். நம்மவர் சிலரும், "அங்கே ஒரு மாதா கெபி எழுப்பலாமே, சாமி!" என்று பங்குக் குருவிடம் கேட்பதுண்டு. பக்தி நன்றே. ஆனால் பிறர் உரிமையின்மேல் எழும்பும் கெபியில் தேவ அன்னை மகிழ்வாரோ? அடுத்த வீட்டு இந்து, இஸ்லாமியக் குழந்தைகளுக்கும் அந்த மண்ணில் பங்குண்டு. கெபி வேண்டுமாயின் நம் சொந்த மனையில் இடம் ஒதுக்குவோம்.

புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்க வேண்டும். எவரேனும் தவறி விழுந்தால் பழி அவ்வீட்டைச் சேரும் என இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. வீட்டுக்காரரின் கடமை அவருடைய குடும்பத்தோடு முடிவதில்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே, புதுமனை மந்திரிப்புக்கு நாள் குறிக்கும் முன்னரே, மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைப் பெற்றுப் பாருங்கள். பொது இடம் ஒப்படைக்கப்பட்டதா என ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ விசாரியுங்கள். குறையிருந்தால், சமய வேறுபாடின்றித் தெருவார் அனைவரும் கையொப்பமிட்டு மனுக் கொடுங்கள். அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உள்ளாட்சியின் இசைவு பெற்று அங்கே நான்கு வேப்பங்கன்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றைச் சூழ்ந்த தெருக்களையும், அங்கு விளையாடும் எல்லாக் குழந்தைகளையும் ஆசீர்வதிப்பாராக!