சூசனுக்கு என்ன ஆனது?



நார்னியா கதைகளைப் படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் சூசன் பேச்சு வந்துவிடும். 'பார்பி' படத்தை இயக்கிய கிரேட்டா கெர்விக் இப்போது நார்னியாவைக் கையில் எடுத்திருப்பதால், அந்தப் பேச்சு நம் வாலிபர் கூட்டத்துக்கும் வரத்தான் போகிறது. வரட்டும். படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

படிக்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சி. எஸ். லூயிஸின் ஏழு நார்னியா நாவல்கள் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு பிள்ளைகள் நார்னியாவுக்குப் போய், முடிசூடி, ஆண்டு, திரும்பி வருகிறார்கள். கடைசி நாவலான 'த லாஸ்ட் பேட்டில்' முடிவில், ரயில் விபத்தொன்றில் இறந்தவர்கள் என்றென்றைக்குமான நார்னியாவுக்குள் நுழைகிறார்கள். அங்கே பீட்டர் இருக்கிறான், எட்மண்ட் இருக்கிறான், லூசி இருக்கிறாள். சூசன் இல்லை. அவளுக்கு இப்போது லிப்ஸ்டிக், நைலான் காலுறை, விருந்து அழைப்பு இவற்றைத் தவிர வேறெதிலும் அக்கறையில்லை என்கிறார்கள். நார்னியாவைப் பற்றிப் பேசினால், சின்ன வயதில் நாம் ஆடிய விளையாட்டு என்று சிரித்துவிடுகிறாளாம்.

இதற்காக லூயிஸ் நிறையவே வாங்கிக் கட்டிக்கொண்டார். நாவலாசிரியர் பிலிப் புல்மன் 1998இல் கார்டியன் நாளிதழில் கடுமையாகத் தாக்கினார். ஒரு பெண் வளர்ந்து பெரியவளாவதையே லூயிஸால் தாங்க முடியவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. ஜே. கே. ரௌலிங்கும் 2005இல் ஏறக்குறைய இதையே சொன்னார். நம்மில் சிலர் உடனே லூயிஸுக்கு வக்கீலாகி, "லிப்ஸ்டிக் வெறும் அடையாளம்தான், அவள் விசுவாசத்தை விட்டதுதான் விஷயம்" என்பார்கள். அது சரிதான். விளையாட்டு என்று மறுதலித்ததுதான் அவள் குற்றம். ஆனால் அந்த அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தவர் லூயிஸ் அல்லவா? இனிப்புக்காகக் கூடப்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்தவன் எட்மண்ட். அவன் மன்னிக்கப்படுகிறான். நியாயம். உலகத்தின் பின்னால் போன ஒரு பையனைக் காட்ட வேண்டியிருந்தால், அவன் எதைப் பூசிக்கொண்டான் என்று லூயிஸ் எழுதியிருப்பாரா? இந்த இடத்தில் நான் விமர்சகர்கள் பக்கம். முதல் நாவலில் கிறிஸ்துமஸ் தாத்தா சூசனுக்கு வில்லும் அம்பும் கொடுத்துவிட்டு, நீ போரில் இறங்க வேண்டாம் என்கிறார். பெண்கள் சண்டையிட்டால் போர் அசிங்கமாகிவிடும் என்று லூசியிடம் சொல்கிறார். 2005இல் படம் எடுத்தவர்கள் பெண்களைப் பற்றிய அந்தச் சொல்லை நைசாக எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

ஆனால் இரண்டு தரப்பும் தாண்டிப் போய்விடுகிற ஒன்று உண்டு. சூசன் பேச்சு வரும் அந்தப் பக்கத்தைத் திறந்து, யார் பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். முதலில் பேசுவது அண்ணன் பீட்டர். அவள் இனி நார்னியாவின் சிநேகிதி அல்ல என்று சுருக்கமாக முடித்துவிடுகிறான். யூஸ்டஸ் ஒன்று சொல்ல, ஜில் ஒன்று சொல்ல, வயதில் மூத்த பாலியும் தன் பங்குக்கு ஒன்று சொல்கிறாள். உடனே பீட்டர், அதை இப்போது பேச வேண்டாம், இதோ நல்ல பழமரங்கள், சுவைத்துப் பார்ப்போம் என்கிறான். அவ்வளவுதான். தங்கையின் பேச்சு பழத்தோடு முடிந்தது. அஸ்லான் அப்போது அங்கே வந்திருக்கவே இல்லை. பிறகு வந்தபோதும் சூசனுக்கு எதிராக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எனக்கு இது மிகவும் தெரிந்த காட்சியாகப் படுகிறது. ஒரு பையன் ஆராதனைக்கு வருவது நின்றால், "வேலை அதிகம் போல" என்போம். ஒரு பெண் நின்றால் அவள் முடி, உடுப்பு, உதட்டுச்சாயம் எல்லாம் தேநீரோடு வந்துவிடும். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, பீட்டரும் கெட்டவன் அல்ல. பேசி முடித்ததும் மேசையில் கேக் இருக்கிறது.

இன்னொன்று. முதல் நாவலில் அஸ்லான் கல்மேசையில் கொல்லப்படும் இரவில் கூடவே நடந்து போனது யார்? சூசனும் லூசியும். பையன்கள் அங்கே இல்லை. விடியும் வரை அழுது காத்திருந்து, உயிரோடு எழுந்தவரை முதலில் கண்டதும் அந்த இரண்டு பெண்பிள்ளைகள்தான். மகதலேனா மரியாளும் மற்ற ஸ்திரீகளும் கல்லறைக்குப் போனதை லூயிஸ் மனதில் வைக்காமல் இப்படி எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. (அந்த ஸ்திரீகள் சொன்னதைச் சீஷர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று லூக்கா 24ஐப் பாருங்கள்.) உயிர்த்தெழுதலின் சாட்சியைத்தான் கடைசி நாவலில் நான்கு பேர் நாலு வரியில் முடித்துவிட்டார்கள்.

சூசன் அந்த ரயிலில் இல்லை. ஆகவே அவள் சாகவில்லை. ஏறக்குறைய 21 வயதில், ஒரே நாளில் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, தங்கை எல்லாரையும் இழந்து இங்கிலாந்தில் தனியாக நிற்கிறாள். அந்த வாரம் அவளைப் போய்ப் பார்த்தது யார்? புத்தகத்தில் இல்லை.

1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸ் அவளை அசட்டுப் பெண், கர்வக்காரி என்றுதான் சொல்கிறார். ஆனால் திருந்த இன்னும் நிறைய காலம் இருக்கிறது, ஒருவேளை தன் சொந்த வழியில் அவளும் அஸ்லானின் தேசத்துக்குப் போய்ச் சேரக்கூடும் என்றும் அதே கடிதத்தில் எழுதினார். 1960இல் இன்னொரு வாசகிக்கு, அவளுடைய பயணம் நீண்டது, பெரியவர்களுக்கான நாவல்போல ஆகிவிடும், நீயே எழுதிப் பாரேன் என்று பதில் போட்டார்.

அந்த அழைப்பு உங்களுக்கும்தான். ரயில் விபத்துக்கு மறுவாரம், சூசன் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். அங்கிருந்து இரண்டு பக்கம் எழுதுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ. லிப்ஸ்டிக்கை அழிக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் தாருங்கள்.