முகமூடியும் முகமும்

முகமூடி என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலருளர். அது பொய்மையின் சின்னமாம். கலைஞன் அதனைக் கழற்றி எறிந்தால் உண்மை தானாகவே வெளிப்பட்டுவிடுமாம். இக்கூற்றை ஏற்பதற்கில்லை.

தென்னிலங்கையின் அம்பலாங்கொடைப் பகுதியிற் பேணப்பட்டுவரும் கோலம் ஆட்டத்தை நோக்குவோம். மென்மரத்திற் செதுக்கி வர்ணந்தீட்டிய முகத்தை அணிந்து முதலியார் களரிக்கு வருகிறார். அந்நியராட்சியிலே அதிகாரம் பெற்று, சொந்த மக்கள்மீதே செருக்குடன் உலாவியவரின் பெருமிதம் வெறும் மரமே என்பதைக் கண்டு கிராமத்தவர் சிரிக்கின்றனர். அம்முகமூடி எவரையும் ஏமாற்றுவதில்லை. தான் முகமூடி என்பதைப் பகிரங்கமாகக் காட்டி, பதவியும் ஒரு முகமூடியே என்பதையும் உணர்த்திவிடுகிறது.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மரத்தை நாடவில்லை. 1940இல் வெளிவந்த 'நானாடகம்' தொகுதியிலே, 'உடையார் மிடுக்கு' முதலிய நாடகங்களின் மாந்தரை யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழிலேயே பேசவிட்டார். 1960களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சை எழுத்திற் கொணர்ந்த முற்போக்கு எழுத்தாளரை நோக்கி 'இழிசனர் வழக்கு' என்று மரபுவாதிகள் ஏளனஞ் செய்தனர். மொழித்தூய்மையின் பெயரால் அவர்கள் கோரியது யாது? கூலிக்காரனின் வாய்க்கும் ஒரு முகமூடி!

அப்போரில் நாம் வென்றோம். வென்றபின் செய்தது என்ன?

பாடசாலை நாடகமொன்றிற் கூலி விவசாயிக்கு இரண்டு பக்க வசனம் எழுதியிருந்தேன். பேச்சுவழக்கிற் பிசகில்லை; சுரண்டல் பற்றிய கருத்திலும் பிழையில்லை. ஒத்திகையின்போது அப்பாத்திரத்தை ஏற்ற மாணவன் தயங்கியபடி கூறினான்: "எங்கட ஐயாவும் கூலிக்குத்தான் போறவர், சேர். ஆனால் அவர் இப்பிடிக் கதைக்கமாட்டார். காசைக் குறைச்சுக் குடுத்தால் அங்கை ஒண்டும் சொல்லாமல் வந்து, வீட்டிலை அம்மாவோடைதான் சண்டை பிடிப்பார்."

அவ்வொரு கூற்றிற் பொதிந்திருந்த சமூக உண்மை என் இரண்டு பக்கங்களிலும் இருக்கவில்லை. கூலிக்கு அஞ்சும் அச்சம், அவ்வச்சம் வீட்டிற் சினமாக மாறுதல், அச்சினத்தையும் ஒரு பெண்ணே சுமத்தல் அனைத்தையும் மறைத்து, அம்மனிதனின் முகத்தில் என் முகத்தை ஒட்டியிருந்தேன். கோலத்தின் மரமுகத்திலும் இதுவே ஆபத்தானது. தன்னை முகமென்றே சொல்லிக்கொள்கிறது.

நம்மவர் கதைகளிற் பல, இக்குற்றத்தையே செய்கின்றன. தொழிலாளி தவறே செய்யான். முதலாளி ஒருபோதும் சிரியான். இருவர் வாயிலும் பேசுபவர் ஆசிரியரே. தன்னை அதிற் காணாத தொழிலாளி நூலை மூடிவைக்கிறான். யாருக்காக எழுதுகிறோமோ அவனையே இழந்துவிடுகிறோம்.

இதுகேட்டுக் கலை கலைக்காகவே என்போர் மகிழவேண்டாம். மௌனமாக வீடு திரும்பும் அம்மனிதனை அவர்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. நாமோ பார்த்தோம், பார்த்தும் எழுதவில்லை. ஆதலால் நம் குற்றமே பெரிது.