ஒலியை எடுப்பது போதாது, ஆக்கவும் தெரிய வேண்டும்

மட்டக்களப்பில் கோயில் திருவிழா மேடையிலும் கலியாண வீட்டிலும் கீபோர்ட் வந்துவிட்டது. அதில் நம் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இலக்கத்தைத் தட்டி, எங்கோ யாரோ செய்து வைத்த நாதஸ்வரத்தையோ வயலினையோ எடுப்பது. கல்லடியில் மாலை வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது போதாது. ஒலியை ஆக்கவும் அவர்கள் படிக்க வேண்டும்.

ஒலியை ஆக்கும் கருவியான சிந்தசைசரில் ஒலி பிறக்கும் இடம் ஒசிலேட்டர். சைன் அலையில் அடிச்சுருதி மட்டும்தான். வாட்பல் அலையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேற்றொனிகளும் உண்டு. சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். கிளாரினெற்றின் கீழ்ச்சுரங்களை ஒத்த ஒலி.

சதுர அலை மேலே நிற்கும் நேரமும் கீழே நிற்கும் நேரமும் சமம். அந்தப் பங்கை மாற்றுவதுதான் துடிப்பு அகலம் என்ற திருகியின் வேலை. மேலே நிற்கும் நேரத்தை ஒரு சுற்றின் 25 சதவீதமாக்கினால் 4, 8, 12ஆம் மடங்குகள் அழிந்துவிடும். மூன்றில் ஒன்றாக்கினால் 3, 6, 9. இன்னும் குறைத்துக்கொண்டே போனால் ஒலி மெலிந்து மூக்கால் பேசத் தொடங்கும்.

இப்போது ஒரு கிற்றார்த் தந்தியை அதன் நீளத்தில் சரியாக நான்கில் ஒரு பங்கில் மீட்டிப் பாருங்கள். அங்கும் 4, 8, 12ஆம் மடங்குகள் எழா. அவை அசையாமல் நிற்கும் கணுவிலேயே விரல் படுகிறது. விரலைக் குதிரைப் பக்கம் நகர்த்த நகர்த்த ஒலி கூர்மையாகிறது. மேல்மடங்குகள் தந்தியில் இன்னும் வேகமாகத் தேயும் என்பதைத் தவிர, இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு.

இந்தக் கணக்கு நம் மண்ணுக்கு அந்நியம் அல்ல. அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்று பெயரளவில் நின்ற கருவிகளைத் தமிழ்ப் புலமையோடு கணிதத்தையும் கொண்டு ஆராய்ந்தார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதம் அவர் மறைந்தார். அவருடைய சமாதி இருக்கிற கல்லடியிலேயே ஒலியின் கணக்கைத் தெரியாமல் பிள்ளைகள் கீபோர்ட் வாசிப்பது எனக்கு வலிக்கிறது.

திருகியைக் கையால் திருப்பாமல், மெதுவாக அசையும் இன்னோர் அலையிடம் ஒப்படைத்தால் அது துடிப்பு அகலப் பண்பேற்றம். எந்த மடங்கு அழிகிறது என்பது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். ஒசிலேட்டர் ஒன்றுதான், காதுக்கோ சுருதி இம்மியளவு விலகிய இருவர் சேர்ந்து வாசிப்பதாகப் படும். 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ 60 சிந்தசைசர் ஒரு குரலுக்கு ஒரே ஒசிலேட்டரை வைத்துக்கொண்டு அத்தனை செறிவாக ஒலித்ததில் இதற்கும் பங்குண்டு. வகுப்பில் 110 ஹேர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடித்து, அகலத்தை 30க்கும் 50க்கும் இடையே மெல்ல ஆடவிட்டேன். ஒரு மாணவி ஆடும் வேகத்தைக் கூட்டிவிட்டு, "சேர், இப்ப இது அழுறமாதிரி இரிக்கு" என்றாள். இலக்கம் தட்டி எடுத்த ஒலியைப் பற்றி எந்தப் பிள்ளையும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

இதனால் மரபு கெட்டுவிடும் என்கிறார்கள் சிலர். மீட்டும் இடம் மாறினால் தந்தியின் ஒலி எப்படி மாறும் என்று அறிந்தவள் வீணையை இன்னும் கவனமாகத்தான் தொடுவாள்.

இதற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். சேர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒலியாக்கத்துக்கு நிலையான ஓர் இடம் கொடுக்க வேண்டும். பாடசாலைகளில் சங்கீத ஆசிரியரும் பௌதிகவியல் ஆசிரியரும் ஒரு பாடத்தையாவது சேர்ந்து நடத்த வேண்டும்.

முதல் பயிற்சியும் மட்டக்களப்பு வாவியிலேயே இருக்கிறது. 1848இல் இங்கே பாடும் மீன்களின் ஒலியைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பை வருடும் ஒலியோடு அதை ஒப்பிட்டார்; ஒரே நீண்ட சுரம் அல்ல, தனித்தனியான பல சிற்றொலிகள் என்றும் எழுதினார். துடிப்பலையை விட்டுவிட்டுச் சைன் அலைகளில் தொடங்கலாம். எத்தனை வேண்டும், சுருதியில் எவ்வளவு விலக வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கேட்டுக் கேட்டு முடிவுசெய்யட்டும்.