வானத்துக்கு வாரியம் எங்கே?

ஐப்பசியில் அடைமழை பிடித்தால்தான் தென்னேரிக்கு வரத்து. ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடினால் சம்பாவோடு நவரையும் உண்டு. இல்லையென்றால் மதகுப் பக்கம் போகவே வேலையில்லை. எங்கள் பிழைப்பே அந்த மேகம்தான். அதிலும் கைவைக்க ஆள் கிளம்பிவிட்டார்கள்!

இருபது கிலோமீட்டர் உயரத்தில் கந்தகத்தைத் தூவுவார்களாம். வெயில் திரும்பிப் போய் பூமி குளிருமாம். 1991-இல் பினாட்டுபோ எரிமலை கந்தகத்தைக் கக்கியபோது உலகம் சுமார் அரை டிகிரி குளிர்ந்தது, அதுதான் சாட்சியாம். மழை? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தசாமி பாலா குழுவினர் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்: வட அரைக்கோளத்தில் தூவினால் மழைப்பட்டை தெற்கே நகரும், வடக்கின் பருவமழை குறையும். ஐயா, நாங்கள் இருப்பது வடக்கில்தான்!

எங்களைக் கேட்டீர்களா? 2019-இல் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை கூடியபோது, இதை யார் கட்டுப்படுத்துவது என்று ஆராயவாவது செய்வோம் என்றது சுவிட்சர்லாந்து. அமெரிக்காவும் சவூதியும் மறித்தன. 2024-இல் அடுத்த தீர்மானமும் வாபஸ். 2010-இல் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் நகோயாவில் கூடி இதற்கு ஒரு தடுப்புப் போட்டன. அமெரிக்கா அந்த உடன்படிக்கையிலேயே இல்லை. 1977 ஒப்பந்தம் ஒன்று உண்டு, அது பகைமையோடு வானிலையைக் கெடுப்பதைத்தான் தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு கெடுத்தால் கேள்வி இல்லை! 2022-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று மெக்சிகோவில் பலூனில் கந்தகத்தை விட்டுவிட்டு, ‘குளிர்ச்சி’யைக் காசுக்கு விற்கவும் தொடங்கியது. ஸ்வீடனில் சாமி பழங்குடிகள் சத்தம் போட்டதால்தான் 2021-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சோதனைப் பலூன் கிளம்பவில்லை. கத்தினால்தான் காது கேட்கும் போலிருக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். பராந்தகன் காலத்தில், 921 வாக்கில், ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்க விதி வெட்டியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவன் பெயர் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரன் பெயரும் குடவோலைக் குடத்தில் விழக்கூடாது. (நிலமும் வேதமும் இல்லாத எங்கள் பாட்டன்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை, அந்த வயிற்றெரிச்சல் தனி.) ஓர் ஏரித் தண்ணீருக்கே அத்தனை கெடுபிடி. வானத்தைத் தொடுகிற நீங்கள் யாரிடம் கணக்குக் காட்டுவீர்கள்?

சூட்டை ஏற்றியதும் நாங்களா? ஓர் அமெரிக்கர் விடும் கரியமிலவாயு ஓர் இந்தியர் விடுவதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். தூவத் தொடங்கி நடுவில் நிறுத்தினால், அடக்கி வைத்த சூடெல்லாம் சில ஆண்டுகளில் குபீரென்று ஏறும் என்கிறார்கள். அப்போதும் கருகுவது எங்கள் நாற்றுதான்.

நாளைக்குப் பயிர் சாவியாகிப் போனால் வி.ஏ.ஓ. அடங்கலில் என்ன எழுதுவார்? ‘மேலே தூவியதால் மழையில்லை’ என்றா? அந்த மனுவை நாங்கள் எந்தத் தாலுகா ஆபீசில் கொடுப்பது?