பொட்டல் அல்ல, பொய்!

"வானம் பார்த்த பூமி, வறட்சி அதன் தலையெழுத்து!" என்று கந்தர்வக்கோட்டை வட்டாரத்தைச் சுட்டிக்காட்டிக் கைவிரிப்போர் உளர். கூப்பிடு தூரத்தில் தஞ்சைத் தரணி பச்சைப் பட்டுடுத்தி நிற்கிறது. இங்கோ செம்மண் மேட்டில் முள்ளும் முரம்பும்! கண்டவர் பெருமூச்சு விடுகின்றனர், விதி என்கின்றனர், வந்த வழியே போய்விடுகின்றனர். எழுத்தே அறியாத மண்ணுக்குத் தலையெழுத்தாம்!

விதியை விடுவோம், கணக்கைப் பார்ப்போம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் நிலத்தின் மீது மட்டும் 36 லட்சம் லிட்டர்! வானமா வஞ்சித்தது? இல்லை. வந்த விருந்தை வாசலிலேயே விரட்டியவர் நாம். மரமும் சருகும் இழந்து திறந்த மேனியாய்க் கிடக்கும் செம்மண்ணை மழைத்துளி அறைகிறது, மேற்பரப்பு இறுகுகிறது, உள்ளே இறங்க வழியற்ற நீர், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. ஐப்பசியில் வெள்ளம், பங்குனியில் பஞ்சம்! 5,000க்கும் மேற்பட்ட கண்மாய்களை இம்மாவட்டத்தில் வெட்டிவைத்த முன்னோர், மழையின் அருமை அறியாதவர்களா? அவர்கள் வெட்டிய வரத்துவாரிகளைத் தூர்ந்துபோக விட்டவர் யார்?

தரிசு என்று பெயர் சூட்டியதும் தைலமரம் வந்தது. 1974இல் தோன்றிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், மாவட்டத்தில் காகிதக் கூழுக்காக அதனை வளர்த்தது. தோட்டத்தைச் சுற்றி வரப்பெடுத்து மழைநீரை மடக்கியதால் கண்மாய்க்கு நீர் வரவில்லை என்று உழவர்கள் முறையிட்டனர், போராடினர். நீரைத் தேக்குவது குற்றமன்று, தோழர்களே! யாருக்காகத் தேக்குகிறோம் என்பதே கேள்வி. வரப்பெடுத்தால் நீர் நிலத்தில் தங்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. காகிதத்துக்குத் தெரிந்த கலை, கஞ்சிக்கு மட்டும் ஏன் தெரியாமற் போயிற்று?

அந்தக் கலையைக் கஞ்சிக்கும் கற்றுக்கொடுத்தவர் நம்மிடையே வாழ்ந்தார். வேளாண்மைப் பட்டம் பெற்று, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1960களின் இறுதியில் அந்தப் பணியை உதறியவர் கோ. நம்மாழ்வார். கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில், இதே மாவட்டத்தில், வறண்ட மேட்டு நிலத்தை அவரும் அவருடைய தோழர்களும் பண்ணையாக்கினர். சூட்டிய பெயர் கொழிஞ்சி! காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்து மண்ணுக்கு ஊட்டும் எளிய காட்டுச்செடி அது. 2009இல் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் வானகம் எழுந்தது. 2013இல் அவர் மறைந்தார், மரங்கள் மறையவில்லை.

செய்முறை மந்திரமன்று. சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து வரப்பும் வாய்க்காலும் வெட்டுக; ஓடும் நீர் நடக்கும், நடக்கும் நீர் நிற்கும், நிற்கும் நீர் இறங்கும். பலதானியம் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுக. சருகும் தழையும் கொண்டு மூடாக்கு இடுக. வேலியில் கிளுவை, வரப்பில் அகத்தி, வேம்பு, புங்கன், நடுவே பலாவும் முந்திரியும். ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978இல் நூலாக்கி, 'பெர்மாகல்ச்சர்' என்று உலகுக்கு உரைத்த நிலைத்த வேளாண்மையின் அடிப்படையும் இதுவே: நீரை நிறுத்து, மண்ணை மூடு, பலவற்றைச் சேர்த்து வளர்!

"மரம் காய்க்க ஆண்டுகள் ஆகுமே; அதுவரை ஏழை எதை உண்பான்?" என்று கேட்பர். நியாயமான கேள்வி! மரம் வளரும் வரை இடைவெளியில் வரகும் கேழ்வரகும், துவரையும் கொள்ளும் அவனுக்குச் சோறு போடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இப்பகுதியின் முந்திரியையும் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, ஒற்றைப் பயிரை நம்பியவன் ஒரே இரவில் ஓட்டாண்டியானான். தோப்பு விழுந்தாலும் தானியக்குதிர் காக்கும் என்பது அந்த இரவு தந்த பாடம்.

"காவிரி வரட்டும்" என்பர் வேறு சிலர். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டினர். வரட்டும், வரவேற்போம்! வருகிற காவிரிக்காக, வந்த மழையை வழியனுப்பி வைப்பதா?

ஆகவே கேட்கிறோம்: தைலமரம் வெட்டிய அரசு நிலத்தில் மீண்டும் தைலமரம் நடாதீர்! நிலமற்றோர் கூட்டுறவுக்குக் குத்தகையாகக் கொடுங்கள். வரத்துவாரிகளை மீட்டுக் கொடுங்கள். சரிவு வரப்பை ஊரக வேலைத் திட்டத்தின் முதற்பணியாக்குங்கள்.

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. மேடையில் முழங்கும் கை மண்வெட்டியும் பிடிக்கட்டும்! கிளைக்கு ஓர் ஏக்கர். ஐப்பசி அடைமழைக்கு முன் வரப்பு! அடுத்த பங்குனியில், விதி பேசியவர்களை அந்த ஏக்கருக்கு அழைத்துச் செல்லுங்கள். மூடாக்கை விலக்கி, ஈரமண்ணில் ஒரு பிடி அள்ளி அவர்கள் உள்ளங்கையில் வையுங்கள். வாதம் அங்கே முடியும்!