ஏழரை வருஷம் யார் குற்றம்?

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது. உடைந்த பாகங்கள் தென்பட்டது 2024 ஜனவரியில். சென்னையிலிருந்து சுமார் 310 கி.மீ., 3400 மீட்டர் ஆழம். பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி.யின் ஆளில்லா நீர்மூழ்கி சோனாரில் தேடிக் கண்டுபிடித்தது.

தொழில்நுட்பத்தின் வெற்றி என்று கைதட்டலாம். ஆனால் ஏழரை வருஷம் எதற்கு ஆனது?

தண்ணீருக்குள் ரேடியோ எடுபடாது; ஒலிதான் போகும். 2015 ஜூனில் விழுந்த கடலோரக் காவல்படை டோர்னியரில் ஒலி எழுப்பும் பீக்கன் இருந்தது. சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பலுக்கு அது கேட்டது. சுமார் ஒரு மாதத்தில் விமானம் கிடைத்தது. ஏஎன்-32ல் பீக்கனே இல்லை என்று அப்போதே செய்தி வந்தது.

விமானத்தின் விலைக்கு முன்னால் பீக்கன் வெறும் சில்லறைக் காசு. அது இல்லாததற்கு வட்டி கட்டியது 29 குடும்பங்கள். பீக்கன் இல்லாத எந்த விமானத்தையும் கடலைத் தாண்ட விடக்கூடாது. அவ்வளவுதான்!